பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்

தசரதன் பூட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறார். மாலை நடைக்குக் கிளம்பும் நேரம். முதலில் ஒரு விரலால் இழுத்தார். பிறகு ஒரு கை. பிறகு இரண்டு கை. கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து, முழு உடம்பையும் பின்னால் சாய்த்துவிட்டார். உடம்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, ஒல்லிப்பிச்சான் மனிதர். ஆனாலும் கிரில் கதவு முனகுகிறது. "புட்ச்சிகினு கீது" என்று பூட்டிடமே சொல்லிவிட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு இறங்குகிறார். கேட் வரை போகிறார். நிற்கிறார். திரும்பி வந்து மறுபடியும் தொங்குகிறார்.

இதில் விசேஷம் என்னவென்றால், அவர் மனைவி பொன்னியம்மாள் உள்ளேதான் இருக்கிறார்.

"என்னை உள்ள வெச்சு பூட்டிகினு போறீங்களே, வூடு பத்திகிச்சுன்னா நான் இன்னா பண்றது?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

"உன்கிட்டயும் ஒரு சாவி கீதுல்ல? தொற. தொறந்து வெளிய வந்து, மறுபடி பூட்டிட்டு ஓடு."

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது 'பொன்னியம்மாள் இல்லம்'. தரைத்தளத்தில் அவர்கள் இருவரும். மகள் தேவதர்ஷினி கல்யாணமாகித் திருச்சியில் இருக்கிறாள். முதல் மாடியில் ஷபீனாவும் அவள் கணவர் அசாரும். அசாருக்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஜெராக்ஸ் கடை. வீட்டிலும் ஒரு பிரிண்டர் உண்டு. இரண்டாம் மாடியில் ஒரு பக்கம் அபிதகுஜாம்பாள் டீச்சர். ஓய்வு பெற்ற பிறகு அமெரிக்காவில் இருக்கும் குழந்தைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். மறுபக்கம் நான். இன்சூரன்ஸ் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவன். எல்லாருக்கும் சேர்த்து ஒரே வைஃபை. அது தசரதன் வீட்டு ஹாலில் இருக்கிறது.

பூட்டு விஷயத்தில் அவர் புகழ் இந்தத் தெருவோடு நிற்பதல்ல. ஒரு பொங்கலுக்கு மகள் வீட்டுக்குப் போகப் பெருங்களத்தூரில் நின்றார்கள். பண்டிகைக் கூட்டம். பஸ் ஏறுவதே பெரும்பாடு. ஏறி உட்கார்ந்தும் ஆயிற்று. அப்போது அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பொன்னியம்மாளை மட்டும் பஸ்ஸோடு அனுப்பிவிட்டு, இறங்கி, அந்த நெரிசலில் பாதி தூரம் நடந்து, மீதிக்கு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார். பூட்டில் தொங்கினார். புட்ச்சிகினு இருந்தது. அடுத்து கிடைத்த பஸ்ஸில் திருச்சி போய்ச் சேர்ந்தபோது அங்கே மாட்டுப்பொங்கல் ஆகியிருந்தது.

வீட்டில் அவர் இழுக்காத பூட்டு இல்லை. கேட், கிரில், மீட்டர் பெட்டி, மொட்டை மாடியில் மோட்டார் ரூம். இதில் மோட்டார் ரூம் பூட்டுக்கு மட்டும் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வார். ஏன் என்று நான் யோசித்ததில்லை. போன வருஷம் தெருவில் சைக்கிள் திருட்டு நடந்தபோது பொன்னியம்மாளின் பிடிவாதத்தால் கேட்டிலும் மொட்டை மாடியிலும் கேமரா மாட்டினார்கள். அதை அவர் மதிப்பதே இல்லை. "கேமரா பாக்கும் சார். புடிக்குமா?"

சர்க்கரை வியாதிக்காரர். காப்பியில் சர்க்கரை கிடையாது. இரவுச் சாப்பாட்டைப் பற்றி என்னிடம் அடிக்கடி குறைபட்டுக்கொள்வார். "ஒரு நாள் இட்லின்றா, ஒரு நாள் வெறும் கேவுரு அடைன்றா. இன்னா கணக்குன்னே தெரில சார்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மண்ணைப் போட்டது ஒரு விழிப்புணர்வுக் கூட்டம். குடியிருப்போர் சங்கத்தில் இணைய மோசடி பற்றிப் பேச ஓர் இளம் பெண் வந்திருந்தார். "உங்க வீட்டு வைஃபையும் ஒரு கதவுதான் சார்" என்றார். டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் தசரதன் மட்டும் எழுந்து நின்றுவிட்டார்.

"கதவா? அதுக்கு பூட்டு எங்கம்மா கீது?"

"பாஸ்வேர்டுதான் சார் பூட்டு."

"சரி. இழுத்துப் பாக்கறது எப்படி?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்கென்றே இலவச மென்பொருள் இருக்கிறது, வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டால், வைஃபையில் இணைந்திருக்கிற ஃபோன், டிவி, பிரிண்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, எதில் ஓட்டை இருக்கிறது என்று நிறம் போட்டுக் காட்டும், மோசமான ஓட்டை என்றால் சிவப்பு என்று விளக்கினார். தசரதன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இத்தனை காலம் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தவருக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டான்.

மகள் விட்டுப்போன கம்ப்யூட்டருக்குப் பழைய ஜன்னல் திரையில் தைத்த உறை போட்டிருக்கும். மறுநாள் காலை உறை விலகியது. அந்த ஸ்கேனரை இறக்க வேண்டுமானால் நிறுவனத்தின் பெயர், பதவி எல்லாம் கேட்டது. நிறுவனம் 'பொன்னியம்மாள் இல்லம்', பதவி 'ஓனர்' என்று அடித்தார். சாயங்காலமே பெங்களூரிலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்துவிட்டாள்.

"சார், உங்க ஆர்கனைசேஷன்ல எத்தனை யூசர்ஸ் இருக்காங்க?"

"நாலு குடும்பம்மா. அதுல டீச்சர் தனி ஆளு."

"உங்க செக்யூரிட்டி டீமுக்கு யார் சார் ஹெட்?"

"நான்தான். எங்கூட்டம்மா அசிஸ்டெண்ட்டு."

அந்தப் பெண் பிறகு கூப்பிடவேயில்லை.

மென்பொருளைப் போட்டு முடித்து, அதன் பக்கத்தைத் திறந்தார். அடுத்த நிமிஷம் மாடிப்படியில் அவர் குரல். "சார், ஓடியாங்க!" ஓடினேன். திரையில் சிவப்பு முக்கோணம். 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று பிரௌசர் எச்சரித்துக்கொண்டிருந்தது.

"பூட்டு விக்கிறவன் கடையிலயே பூட்டு இல்லன்றான் பாருங்க!"

அப்படியில்லை, இந்தப் பக்கம் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்து வருகிறது, தான் நம்பகமானவன் என்பதற்கான சான்றிதழை அதுவே எழுதிக்கொள்கிறது, அதனால் பிரௌசருக்கு அடையாளம் தெரியவில்லை என்று சொன்னேன்.

"அதான் சார் இன்னும் பேஜாரு. அவனே அவனுக்கு நல்லவன்னு எழுதிக்கினா எவன் நம்புவான்?"

அரை நாள் அந்த முக்கோணத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசியில் பொன்னியம்மாள்தான், "உள்ள போய்த்தான் பாருங்களேன், கடிக்கவா போவுது?" என்று சொல்லி அனுமதி கொடுத்தார்.

உள்ளே போனால், சோதனைகளையெல்லாம் இறக்கி அடுக்கிக்கொள்ள வேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்றது. திரையில் ஒரு பட்டை. அது நகர்கிற மாதிரியே தெரியவில்லை. தசரதன் நாற்காலி போட்டு அதற்குக் காவல் உட்கார்ந்தார். மதியச் சாப்பாடு மடியில். மிக்ஸி போட்டால் கரண்ட் போய்விடும் என்று தடை போட்டதால் அன்று அந்த வீட்டில் சட்னியும் இல்லை. பட்டை ஒருவழியாக முடிந்து, பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது. வைத்தார். உள்ளே போனார். வெளியே வந்தார். மறுபடியும் உள்ளே போனார். வெளியே வந்து, வேண்டுமென்றே தப்பாக அடித்துப் பார்த்தார். விடவில்லை. "புட்ச்சிகினு கீது" என்றார்.

எங்கள் வாட்ஸாப் குழுவில் அவர் குரல் வந்து விழுந்தது. "எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கெழம காலைல உங்க வூட்டு ஃபோன், டிவி எல்லாத்தையும் தட்டிப் பாக்கப் போறேன். யாரும் பயப்படாதீங்க. ஆனா யாரு பொருள்ல செவப்பு காட்டுதோ அந்த வூட்டுக்கு வைஃபை கட். ஒரு மண்டலம் கட். எங்க வூடா இருந்தாலும் கட். குன்றத்தூர் முருகன் மேல ஆணை."

மனிதர் சொன்னால் செய்கிறவர். வீடே கதிகலங்கிப்போயிற்று. வைஃபை போனால் டீச்சரின் அமெரிக்கக் குழந்தைகள் 'அ'னாவோடு நிற்க வேண்டியதுதான். எனக்கு வேலையே அதில்தான். ஷபீனா சனிக்கிழமை கீழே வந்து, "அண்ணா, டிவியைத் தொடைச்சு வெக்கணுமா?" என்று கேட்டாள். "தொட்ச்சா நல்லதுதான்" என்றார் தசரதன் யோசித்து. டீச்சர் ஃபோனுக்குப் புது உறை வாங்கிப் போட்டார். நானும் என் லேப்டாப்பில் மாதக்கணக்காகத் தள்ளிப்போட்ட அப்டேட்டை எல்லாம் போட்டு முடித்தேன்.

ஞாயிறு காலை, கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்து, ஸ்கேன் பொத்தானை அழுத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முதல் மாடியிலிருந்து ஷபீனா அலறிக்கொண்டு இறங்கி வந்தாள், கையில் காகிதங்களோடு.

"அண்ணா, பிரிண்டர் தானா அடிக்குது! யாரும் தொடல!"

ஒவ்வொரு தாளிலும் ஒரே ஒரு வரி. அர்த்தமில்லாத எழுத்துகள், கேள்விக்குறிகள். சில பிரிண்டர்கள் அப்படித்தான், யார் கதவைத் தட்டினாலும் அச்சடிக்கச் சொல்வதாக நினைத்துக்கொண்டு அடித்துத் தள்ளும். தசரதனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா? தட்டினதும் உள்ள இருந்து கொரலு குடுக்குது!" அசாரின் காகிதக் கட்டு தீரும்வரை அது குரல் கொடுத்தது. "பின்பக்கம் நல்லாத்தான் கீது" என்று பொன்னியம்மாள் தாள்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஸ்கேன் முடிந்தபோது எல்லாரும் அவர்கள் ஹாலில் கூடிவிட்டோம். எல்லார் முன்னிலையில்தான் முடிவைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்டளை. திரையில் நீலம் நீலமாகக் கோடுகள். நடுவில் ஒன்றே ஒன்று சிவப்பு. பக்கத்தில் பெயர் இல்லை, வெறும் எண்கள்.

"யாரு அது?" என்றார் தசரதன்.

எல்லாரும் அவரவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டோம்.

அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொருவராக அவரவர் பொருளை அணைக்க வேண்டும். சிவப்பு எண் எப்போது பதில் சொல்வதை நிறுத்துகிறதோ அப்போது ஆள் அகப்பட்டுவிடும். அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கிற வேலை எனக்கு. முதலில் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு ஃபோனை அணைத்தார். சிவப்பு பதில் சொன்னது. "டீச்சர் பாஸ். நீங்க போலாம்." டீச்சர் போகவில்லை. "நான் இருந்து முழுசாப் பார்த்துட்டே போறேனே" என்று உட்கார்ந்துகொண்டார். ஷபீனா மாடிக்கும் கீழுக்கும் ஓடி டிவி, பிரிண்டர், அசாரின் ஃபோன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வந்தாள். பதில் சொன்னது. பிறகு என் லேப்டாப்பை அணைத்தேன். அதுவும் இல்லை. மிச்சம் இருந்தது அவர்கள் வீடு மட்டும். பொன்னியம்மாளின் ஃபோன், தசரதனின் ஃபோன், டிவி. எல்லாம் அணைந்தன. சிவப்பு அசையாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

தசரதன் முகம் வெளிறிவிட்டது. "எல்லாத்தையும் அணைச்சாச்சு. அப்ப வூட்டுக்குள்ள யாரு சார் கீறான்?" என்றார் கிசுகிசுவென்று. பின்கதவுக்கு ஓடி அதை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

அந்தச் சிவப்புக் கோட்டை அழுத்தினால் விவரம் வரும். அதை நான் முதலிலேயே செய்திருக்கலாம்தான். அவர் சோதனை சுவாரசியமாக இருந்ததில் எனக்குத் தோன்றவில்லை. அழுத்தினேன். வாசித்தேன். கேமரா ரெக்கார்டர். தயாரித்து அனுப்பும்போது வைத்த பாஸ்வேர்டை இன்னும் மாற்றவில்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

எல்லாரும் ஷோகேஸுக்கு மேலே பார்த்தோம். பிளாஸ்டிக் மாலை போட்ட முருகன் படத்துக்குப் பின்னால், அந்தச் சின்னப் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"அதுவா?" என்றார் பொன்னியம்மாள் சாதாரணமாக. "அதோட பாஸ்வேர்டு ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு..."

"ஆறு" என்றார்கள் ஷபீனாவும் டீச்சரும் ஒரே குரலில். சொன்ன பிறகுதான் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தசரதன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "உங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"நான்தான் குடுத்தேன்" என்றார் பொன்னியம்மாள். "தண்ணி லாரி வந்துச்சான்னு ஃபோன்லயே பாக்க. மாடிலேர்ந்து எட்டி எட்டிப் பாத்து டீச்சருக்குக் கழுத்து புட்ச்சிகிச்சு, பாவம்."

எனக்கு மட்டும் தெரியாது. அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அதையும் சொன்னேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.

"நாங்க கேட் கேமரா மட்டும்தான் பாப்போம்ணா" என்றாள் ஷபீனா அவசரமாக.

டீச்சருக்குப் பொய் வராது. "மொட்டை மாடியும் பார்ப்போம். துணி காய்ஞ்சுதான்னு. அதுல அந்த மோட்டார் ரூமும் தெரியும்" என்றார்.

தசரதன் மெதுவாகத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். பொன்னியம்மாள் குரலை உயர்த்தவே இல்லை.

"தண்ணி டாங்கிக்குப் பின்னால ஜாங்கிரி தின்ற அன்னிக்கெல்லாம் ராத்திரி கேவுரு அடை. தின்னாத அன்னிக்கு இட்லி. இத்தினி நாளா இன்னான்னு நெனச்சிகினு இருந்தீங்க?"

ஷபீனா துப்பட்டாவுக்குள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பாவமாகிவிட்டது. ஜாங்கிரி வெளியே வந்தது அவரை அவ்வளவாக வாட்டவில்லை. எத்தனை பூட்டு, எத்தனை தொங்கல், பெருங்களத்தூரிலிருந்து இறங்கி ஓடிவந்த ஓட்டம். அத்தனைக்கும் நடுவில் அவர் வீட்டுக்கூடத்திலேயே ஒரு கதவு ஆவென்று திறந்து கிடந்திருக்கிறது. மனிதர் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் ஆணை ஆணைதான். எழுந்து போய்த் தன் ஃபோனிலும் மனைவி ஃபோனிலும் டிவியிலும் வைஃபையை நீக்கினார். "நான் இன்னா பாவம் பண்ணேன்?" என்றார் பொன்னியம்மாள். "நீ அசிஸ்டெண்ட்டு" என்றார் தசரதன். அன்றிலிருந்து பொன்னியம்மாள் சீரியல் பார்க்க ஷபீனா வீட்டுக்குப் போய்விடுகிறார்.

பிறகு எங்களையெல்லாம் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ரெக்கார்டரின் பாஸ்வேர்டை மாற்றினார். உள்ளே போனார், வெளியே வந்தார், உள்ளே போனார். "புட்ச்சிகினு கீது." குரலில் பழைய தெம்பு இல்லை.

மறுநாள் தண்ணீர் லாரி வந்தது யாருக்கும் தெரியவில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. டீச்சர் பக்கத்து வீட்டிலிருந்து வாளியில் தண்ணீர் தூக்கி வந்தார். அடுத்த நாள் தசரதன் கேட்டருகே நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். மாடியிலிருந்து ஷபீனா, "அண்ணா, லாரி வந்துச்சா?" என்பாள். "வர்ல." கொஞ்ச நேரத்தில் டீச்சர். "வந்துச்சா சார்?" "வர்ல டீச்சர்." ஷபீனா வீட்டு டிவி முன்னாலிருந்து பொன்னியம்மாள். "வந்துச்சாங்க?" தசரதன் வெயில் ஏற ஏற நாற்காலியை நிழலுக்கு இழுத்துக்கொண்டே போனார்.

அன்று சாயங்காலம் என் கதவு தட்டப்பட்டது. திறந்தால் தசரதன். என் காதருகே வந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, புது பாஸ்வேர்டைச் சொன்னார். நல்ல நீளமான பாஸ்வேர்டு. திருப்பிச் சொல்ல வைத்தார். மறுபடியும் சொல்ல வைத்தார்.

"டீச்சருக்கும் ஷபீனாவுக்கும் சொல்லிட்டேன். திருட்டுப் பயலுக்குத்தான் சார் பூட்டு. நமக்குள்ள இன்னா?"

"அம்மாவுக்கு?" என்று கேட்டேன்.

கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. அவர் அரைஞாண் கயிற்றில் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அவளுக்குத்தான் சார் மொதல்ல சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, மாடிப்படியில் மேலே ஏறினார்.

நான் உட்கார்ந்து ஃபோனில் கேமராவைத் திறந்தேன். முதல் தடவை என்பதால் எனக்கும் ஆசை. மொட்டை மாடி வந்தது. காய்ந்த துணிகள், தண்ணீர்த் தொட்டி, மோட்டார் ரூம். தசரதன் பூட்டை ஒரு விரலால் இழுத்தார், ஒரு கையால் இழுத்தார், செருப்பைக் கழற்றிவிட்டுத் தொங்கினார். பிறகு தொட்டிக்குப் பின்னால் கையைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். ஜாங்கிரி.

நிமிர்ந்து, பொன்னியம்மாளைப் பார்க்கிற மாதிரி கேமராவைப் பார்த்தார். ஜாங்கிரியைச் சரிபாதியாகப் பிய்த்தார். ஒரு பாதியைக் கேமராவுக்கு நேராக உயர்த்தி, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். மற்ற பாதியை அசாரின் பிரிண்டர் அடித்துத் தள்ளிய தாள் ஒன்றில் மடித்து, நூலைச் சுற்றிக் கட்டி, கேமரா பார்க்கட்டும் என்று தூக்கிப் பிடித்துக்கொண்டு, முடிச்சை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.